ஊசி பட்டதால் பரவியதா?

ஈரலில் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்து, ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கலாம் என்று வைத்தியர் சொன்ன மாத்திரத்தில், "ஊசி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும், தொடாமல் விடுங்கள்" என்று மூத்தவர் ஒருவராவது சொல்லாத குடும்பம் அபூர்வம். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. ஏனெனில் கல்லீரற் புற்றில், ஊசி சென்ற தடத்திலேயே புற்றணுக்கள் வேர்பிடிப்பது நூற்றில் இரண்டு மூன்று பேரிடம் காணப்பட்டதுண்டு. ஈரல் சுருக்கம் உள்ளவரிடம் ஸ்கேனின் அடையாளங்கள் ஐயமற இருந்தால் வைத்தியர்கள் பெரும்பாலும் ஊசியை எடுப்பதுமில்லை. ஆனால் தடத்தில் முளைக்கும் அந்த முளை வேறு. ரத்தக்குழாய்களுக்குள் நுழைந்து நுரையீரல்வரை யாத்திரை போகிற பரவல் வேறு. பின்னது, எந்த ஊசியும் தீண்டாத கட்டிகளிலும் நடக்கிறது. அந்த அணுக்களைப் புறப்படச் செய்வது எது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அதற்கு ஒரு விடை, ஈரலணுவின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் 'மெட்' என்னும் ஏற்பி. வெளியிலிருந்து வரும் ரசாயனச் செய்தியைப் பற்றிக்கொண்டு அணுவின் உள்ளே தெரிவிப்பது அதன் தொழில். இதன் வரலாறு சுவையானது. ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்த எலிக்குச் சில நாட்களிலேயே அது மீண்டும் வளர்ந்துவிடும் அதிசயத்துக்குக் காரணமான பொருளைத் தேடிய ஜப்பானிய விஞ்ஞானி தோஷிகாசு நகமுரா, 1984-இல் ஈரலணு வளர்ச்சிக் காரணி ஒன்றைக் கண்டார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் மைக்கேல் ஸ்டோக்கர், ஒன்றையொன்று பற்றி நெருங்கி அமர்ந்திருக்கும் அணுக்களைப் பிரித்துச் சிதறவைக்கும் வேறொரு பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார். வளர்ப்பதும் சிதறடிப்பதும் ஒரே பொருள்தான் என்பதும், அதை ஏற்கும் வாயில் மெட்தான் என்பதும் 1991-இல் புலப்பட்டன. ஆறாத புண்ணை ஆற்றுகிற சக்தியும் அணுவை ஊர்விட்டு ஊர் அனுப்புகிற சக்தியும் ஒன்றாக இருப்பதை நினைத்தால், சிருஷ்டியின் சிக்கனத்தைக் கண்டு வியப்பதா அஞ்சுவதா என்று தெரியவில்லை.

இங்கேதான் இரண்டாவது தவறான எண்ணம் பிறக்கிறது. படித்தவர்களிடமே இது மிகுதி. ஏற்பி என்பது புற்று தனக்கென்று முளைக்கவைத்த விஷக்கொம்பு, அதை ஒடித்துவிட்டால் நோயும் ஒழியும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் மெட் இல்லாத எலிக் கருக்கள் பிறக்காமலே மடிந்தன. கால்களுக்குப் போய்ச் சேரவேண்டிய தசையின் மூல அணுக்கள் இருந்த இடத்தைவிட்டுப் புறப்படவேயில்லை. இன்னும் விபரீதமாக, 2007-இல் வெளியான ஆராய்ச்சியில், ஈரலணுக்களில் மட்டும் மெட்டை நீக்கிய எலிகளுக்குப் புற்றுண்டாக்கும் ரசாயனத்தைக் கொடுத்தபோது, கட்டிகள் குறையவில்லை, அதிகமாயின! முளைக்கும் பருவத்தில் ஓரளவு காவலனாகவும் முற்றிய பருவத்தில் துரோகியாகவும் ஒரே ஏற்பி நடந்துகொள்கிறது என்றுதான் கொள்ளவேண்டியிருக்கிறது.

மெட் மிகுந்தால் ஆயுள் குறையும் என்னும் மூன்றாவது கூற்று, பாதி உண்மை. 2006-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, மெட்டின் கட்டளையால் இயங்கும் மரபணுக்கள் விழித்திருந்த கட்டிகள் ரத்தக்குழாய்களுக்குள் அதிகமாகப் புகுந்திருந்ததும், அத்தகைய நோயாளிகள் குறைந்த காலமே வாழ்ந்ததும் தெரியவந்தன. பின்னர், மெட்டை அடைப்பதாகக் கருதப்பட்ட டிவான்டினிப் என்ற மருந்தின் இரண்டாம் கட்டச் சோதனையில், வெற்று மாத்திரை பெற்றவர்களுள் மெட் மிகுந்தோரின் இடைநிலை ஆயுள் 3.8 மாதமாகவும், குறைந்தோருடையது 9.0 மாதமாகவும் இருந்தன. மருந்து பெற்ற மெட் மிகுந்தோர் 7.2 மாதம் வாழ்ந்தனர். நம்பிக்கை பெருகிற்று. ஆகவே, சதையை ஊசியால் எடுத்து மெட் மிகுதியென்று உறுதிசெய்த 340 பேரை மட்டும் சேர்த்துப் பெரிய சோதனை நடத்தினார்கள். 2018-இல் வெளியான முடிவில் மருந்துக்கு 8.4 மாதம், வெற்று மாத்திரைக்கு 9.1 மாதம். முன்பு 3.8 மாதத்தில் மாண்டவர்களின் இனத்தவரே இங்கு 9.1 மாதம் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்: சிறிய சோதனையின் எண்ணைச் சாஸ்திரமாகக் கொள்ளலாகாது. இதற்கிடையே அந்த மருந்து மெட்டைவிட அணுப் பிரிவின் நுண்குழல்களையே தாக்குகிறது என்று ஆய்வாளர் சிலர் காட்டியிருந்தனர்.

மெட்டோடு ரத்தக்குழாய் வளர்ச்சியின் ஏற்பியையும் ஆக்ஸல் என்னும் வேறோர் ஏற்பியையும் சேர்த்து அடைக்கும் கபோசான்டினிப் என்ற மற்றொரு மருந்து, 707 நோயாளிகள் பங்குபெற்ற சோதனையில் 8.0 மாத இடைநிலை ஆயுளை 10.2 மாதமாக நீட்டி, 2019-இல் அமெரிக்காவில் ஈரற் புற்றுக்கு அனுமதி பெற்றது. அந்த இரண்டு மாதச் சில்லறையில் மெட்டை அடைத்ததற்குரிய பங்கு எத்தனை நாள் என்பதை அந்தச் சோதனையைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.