தாய் சீ: முதல் வகுப்புக்கு முன் செய்ய வேண்டியவை

பாரிவாக்கத்திலிருந்தும் பூந்தமல்லி, ஆவடிப் பகுதிகளிலிருந்தும் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் முதியோருள் பலர், ஒருமுறை இடறி விழுந்த பின் நடப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். "நீங்க எழுந்திருக்காதீங்க அப்பா, நான் எடுத்துத் தரேன்" என்று பிள்ளைகளும் அன்போடு தடுத்துவிடுகின்றனர். சில மாதங்களில் தொடைத் தசைகள் மெலிகின்றன. காலூன்றும் துணிவு போகிறது. அடுத்த முறை விழும்போது இடுப்பெலும்பு முறியவும் கூடும். விழுந்துவிடுவோம் என்று அஞ்சி உட்கார்ந்திருப்பதே விழுவதற்கு வழி செய்துவிடுகிறது. இத்தகையோருக்குத்தான் நாங்கள் தாய் சீ பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம்.

சீனாவின் ஹெனான் மாகாணத்துச் சென்ஜியாகோ என்னும் சிற்றூரில் வளர்ந்த தற்காப்புக் கலை இது. அந்நாட்டு அரசு 1956இல் இதை 24 அசைவுகளாகச் சுருக்கி எளிமைப்படுத்தியது. 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இது இடம்பெற்றது. 'ஏழாம் அறிவு' திரைப்படம் வந்த பிறகு, இதுவும் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் தந்ததே என்று எங்களிடம் சொல்வோர் உண்டு. அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆனால் அந்த எண்ணம் ஒருவரை வகுப்புக்கு வரவழைக்குமானால் நாங்கள் மறுத்து வாதிடுவதில்லை!

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் முழு எடையையும் ஒரே கால் தாங்கும் நொடி ஒன்று உண்டு. தள்ளாடுவோர் பெரும்பாலும் தடுமாறுவது அந்த எடை மாற்றத்தில்தான். தாய் சீ அதை மெதுவாக, பலமுறை பழக்குகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், விழும் அபாயம் மிகுந்த, 70 வயதைக் கடந்த 670 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் என 24 வாரங்கள் தாய் சீ பயின்றோர், தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தோரைவிட 58 விழுக்காடு குறைவாக விழுந்தனர். பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்விலும் உடற்சமநிலை மேம்பட்டது. பலன் கிடைத்தது மாதக்கணக்கில் தொடர்ந்தவர்களுக்கே என்பதை மறக்க வேண்டாம்.

பரிந்துரைத்தவுடன் எங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "என்ன உடை போட வேண்டும்?" என்பது. தளர்வான கால்சட்டையோ சல்வாரோ போதும்; கால் தடுக்கும் வேட்டியும் தரை தொடும் புடவையும் வேண்டாம். உடையைவிட முதன்மையான ஆயத்தங்கள் வேறு உள்ளன.

முதலாவது, இரத்த அழுத்தம். அதை உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்தால் போதாது. ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறையும், எழுந்து நின்ற ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களிலும் பார்க்க வேண்டும். நின்றபின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், வகுப்பில் தலை சுற்றி விழ வாய்ப்புண்டு. புரோஸ்டேட் வீக்கத்துக்கான சில மாத்திரைகள், நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள், தூக்க மாத்திரைகள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். அவற்றை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மருந்துச் சீட்டுடன் எங்களிடம் வாருங்கள். வேளையை மாற்றினாலே சிலருக்குச் சரியாகிவிடும்.

நீரிழிவு உள்ளோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றில் காலை வகுப்புக்குச் செல்வதை நாங்கள் அனுமதிப்பதில்லை. கிளம்புமுன் சர்க்கரை அளவு 100க்குக் கீழிருந்தால், ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள். பையில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். பாதத்தில் மதமதப்பு இருப்பவர்கள், ஆசிரியரே வெறுங்காலுடன் நின்றாலும், வெறுங்காலுடன் பயிலக் கூடாது. சிறு கல் குத்தியதுகூடத் தெரியாமல் புண்ணாகிவிடும். ஹவாய்ச் செருப்பும் வேண்டாம். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பட்டையுள்ள, தட்டையான எம்.சி.ஆர். காலணி நல்லது.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரமாகிறது என்று கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உள்ளது என்று பொருள். அதற்காக வகுப்பைக் கைவிட வேண்டியதில்லை. நாற்காலியைப் பற்றிக்கொண்டோ உட்கார்ந்தோ பயிலத் தொடங்கலாம். பற்றுவதற்குப் பிளாஸ்டிக் நாற்காலி உதவாது, சாய்ந்துவிடும். கனமான மர நாற்காலி வேண்டும். பாசி படிந்த மொட்டை மாடியிலும் ஈரத் தரையிலும் பயிற்சி கூடாது.

முழங்கால் வலி உள்ளவர்கள் ஆசிரியரின் அளவுக்குத் தாழ்ந்து நிற்க முயல வேண்டாம். முழங்கால் கால் விரல்களைத் தாண்டி முன்னே செல்லாதவாறு சற்றே மடக்கினால் போதும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டோர், அண்மையில் மாரடைப்போ கண் அறுவையோ கண்டோர், மார்பு வலி உடையோர், இரத்த அழுத்தம் 180/110க்கு மேலிருப்போர் ஆகியோர் மருத்துவர் ஒப்புதல் தரும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாரும் தம் நோய்களையும் முன்பு விழுந்ததையும் ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்களைத்தான் நாங்கள் மிகுதியாகக் காண்கிறோம்.

முதல் நாளில் நிற்பதும், எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவதுமாகவே நேரம் போகும். இவ்வளவுதானா என்று தோன்றலாம்; அதுதான் பாடம். மறுநாள் தொடைகள் வலிப்பது இயல்பு. முழங்கால் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே எங்களிடம் வர வேண்டும்.

உடன் வரும் குடும்பத்தினர், பயில்பவருக்குச் சற்றுப் பின்னால், பலவீனமான பக்கமாக, ஒரு கை நீட்டினால் எட்டும் தொலைவில் நில்லுங்கள். கையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பிடித்திருந்தால் அவருடைய எடை உங்கள் மேல் சாயும், அவருடைய கால்கள் எதையும் கற்றுக்கொள்ளா.