ஒரே வயிற்றுக்கு இரண்டு ஸ்கேன் ஏன்?



மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களோடு ஒரு மனக்குறையும் அடிக்கடி வருகிறது. "வயிற்று வலி என்று அவசரப் பிரிவுக்குப் போனோம். டியூட்டி டாக்டர் கட்டில் பக்கத்திலேயே சின்ன எந்திரத்தை வைத்து ஸ்கேன் பார்த்தார். அப்புறம் ஸ்கேன் ரூமுக்கு அனுப்பி மறுபடியும் எடுத்தார்கள். ஒரே வயிற்றுக்கு எதற்கு இரண்டு ஸ்கேன்?" காசு பிடுங்கும் வேலையோ என்ற சந்தேகம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அப்படி நடப்பதே இல்லை என்று நாம் சத்தியம் செய்ய வரவில்லை. ஆனால் இந்த இரண்டும் பெயரளவில்தான் ஒன்று, வேலை வேறு. அது தெரியாமல் இருப்பதால் உயிருக்கே ஆபத்தாகும் சந்தர்ப்பங்கள் உண்டு என்பதால் இங்கே விளக்குகிறோம்.

ஸ்கேன் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட். மனிதக் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். வயிற்று ஸ்கேனில் போவது பல லட்சம் அதிர்வுள்ள ஒலி. அது உள்ளே போய் ஈரல், சிறுநீரகம், கல் என்று எதில் பட்டாலும் எதிரொலியாகத் திரும்பும். அதைப் படமாக்கிக் காட்டுகிறது எந்திரம். எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், 1955இல் ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போய், இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியை அறுவை செய்து எடுத்த கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார். 1958இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரை வயிற்றுக் கட்டிகளைப் பற்றியது. புற்றுநோய் முற்றிவிட்டது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது வெறும் நீர்க்கட்டி என்று இந்த எதிரொலி காட்டிக் கொடுத்தது. கட்டியை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

அன்று அறையை அடைத்துக்கொண்டிருந்த எந்திரம் இன்று லேப்டாப் அளவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் நோயாளியை எந்திரத்திடம் கொண்டு போகாமல், எந்திரத்தை நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டு வர முடிகிறது.

ஸ்கேன் அறையில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட் வயிற்றின் ஒவ்வொரு உறுப்பையும் வரிசையாகப் பார்த்து, அளந்து, ரிப்போர்ட் எழுதுகிறார். கட்டிலோரத்தில் பார்க்கும் டாக்டர் அப்படிப் பார்ப்பதில்லை. அவர் மனதில் சில கேள்விகள்தான். வயிற்றுக்குள் இரத்தம் தேங்கியிருக்கிறதா? சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா? பித்தப்பையில் கல் இருக்கிறதா? வயதானவர் என்றால், சுமார் 2 செ.மீ. இருக்க வேண்டிய பெருந்தமனி 3 செ.மீ.க்கு மேல் உப்பியிருக்கிறதா? ஆம், இல்லை என்ற அளவுக்குச் சில நிமிடங்களில் பதில் கிடைத்தால் போதும். பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஸ்கேன் அறை வாசலில் வரிசையில் நிறுத்த முடியாது அல்லவா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் விபத்து என்று வையுங்கள். மேலே சிராய்ப்புதான், ஹேண்டில்பார் மட்டும் வயிற்றில் இடித்திருக்கிறது. உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கலாம். மழைத்தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போவதுபோல், மல்லாந்து படுத்திருப்பவரின் வயிற்றில் கசியும் இரத்தம் ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் சேரும். மண்ணீரல் பக்கமும், அடிவயிற்றிலும் சேரும். திரையில் அது கறுப்புப் பட்டையாகத் தெரியும். ஒரு டம்ளர் அளவுக்காவது சேர்ந்தால்தான் தெளிவாகத் தெரியும் என்பதால், கொஞ்ச நேரம் கழித்து அதே டாக்டர் மறுபடியும் வைத்துப் பார்ப்பார். அது மறதியில்லை, முறையே அதுதான்.

நம் வீட்டுப் பெண்கள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரு சில சமயம் கருப்பையில் தங்காமல் கருக்குழாயிலேயே தங்கிவிடும். மாதவிடாய் தள்ளி இரண்டு மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். கர்ப்பம் என்றே அவளுக்குத் தெரிந்திருக்காது. குழாய் வெடித்தால் அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம், முகம் வெளுத்துப் போவது. சிலருக்குத் தோள்பட்டையிலும் வலிக்கும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவருக்கும் அபூர்வமாக இப்படி வருவதுண்டு. சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை, கட்டிலோர ஸ்கேன், இரண்டும் சேர்ந்து ஐந்து பத்து நிமிடத்தில் சந்தேகத்தை உறுதிப்படுத்தி, நேராக ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பிவிட முடியும்.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் வீட்டில் எத்தனை மணி நேரம் போகிறது? மாமி சூட்டு வலி என்கிறார். விளக்கெண்ணெய் தடவி வயிற்றை வழித்து விடுகிறார்கள். சபரில் இருக்கும் கணவருக்குப் போன் போட்டுச் சம்மதம் கேட்கிறார்கள். அவர் வேலை முடிந்து எடுக்கும் வரை காத்திருக்கிறார்கள். கோட்டைப்பட்டினம் பக்கத்திலிருந்து புதுக்கோட்டை அறுபது கிலோமீட்டருக்கு மேல் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில், கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டால் மாமனார் முன்னால் அந்தப் பெண் எப்படிச் சொல்வாள்? ஆண்கள் வெளியே போய் நிற்க வேண்டும். கல்யாணமாகாத பிள்ளையிடம் கேட்டாலும் கோபப்பட வேண்டாம். அந்த வயதுப் பெண் யார் வந்தாலும் கேட்பதுதான் அவர்கள் வழக்கம். பெண் டாக்டர் இருந்தால் கேட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால், உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்க்க மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதை உலமாக்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். வயிற்றுப் பகுதியை மட்டும் விலக்கினால் போதும். கூட ஒரு பெண் நிற்கலாம்.

இனி, இந்தச் சின்ன ஸ்கேன் எதைக் காட்டாது என்பது. குடலில் வாயு நிறைந்திருந்தால் ஒலி ஊடுருவாது. உடல் பருமனானவர்களுக்குப் படம் மங்கலாகும். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம், ஆனால் குடல்வால் பல நேரம் கண்ணில் படாது. குடலில் ஓட்டை விழுந்திருந்தால் எக்ஸ்ரேயும் சி.டி.யும்தான் தெளிவாகக் காட்டும். ஆகவே "ஸ்கேனில் ஒன்றும் இல்லை" என்று டியூட்டி டாக்டர் சொன்னால், அவர் தேடிய அந்த நாலைந்து விஷயங்கள் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அதைக் கேட்டதும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள் சிலர். அடுத்த ஸ்கேனுக்கோ சி.டி.க்கோ அனுப்புவது அந்த மிச்சக் கேள்விகளுக்காக. மேல்வயிற்று வலிக்கு முதலில் இ.சி.ஜி. எடுத்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம், முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. மாரடைப்பு வயிற்று வலி வேஷத்தில் வரும்.

இன்னொரு பழக்கம்: கடுமையான வலியிலும் முதலில் ஸ்கேன் சென்டருக்குப் போய் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்ப்பது. அங்கே டோக்கன், வெறும் வயிறு, சிறுநீர் நிறையத் தண்ணீர் குடிப்பது என்று நேரம் போகும். கட்டிலோர ஸ்கேனுக்கு இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது. 108க்குப் போன் செய்து நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வழியில் சோடா, ஓமத் தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

நமது இலவச மருத்துவ முகாமுக்கு அந்தச் சிறிய எந்திரத்தைக் கொண்டுவரக் கூடாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கருவில் பெண் பிள்ளை என்று தெரிந்து அழித்த கொடுமையைத் தடுக்க 1994இல் வந்த சட்டப்படி ஸ்கேன் எந்திரம் ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த இடத்திலிருந்து இஷ்டம்போல் வெளியே எடுத்துப் போக முடியாது. நடமாடும் மருத்துவ வாகனங்களுக்குத் தனி விதி இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும்போது, என்ன குழந்தை என்று அறிய விரும்பவில்லை என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் அந்தச் சட்டத்தால்தான். எனவே முகாமில் ஸ்கேன் வைக்க நம்மால் இயலாது.

மருத்துவ உதவி மனுவில் இரண்டு ஸ்கேன் ரசீது இருந்தால் இரண்டையும் இணையுங்கள். இரண்டாவது ரசீதுக்காக மனு நிராகரிக்கப்படாது, இன்ஷா அல்லாஹ்.