வாய் திறவாத மாளிகை

இலண்டன் மாநகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் பிளெட்ச்லி பூங்கா உள்ளது. காலையில் இரயிலேறிச் செல்வோர் அங்குள்ள மாளிகையையும் மரக்குடில்களையும் கண்டு மாலையில் திரும்பலாம்.

இரண்டாம் உலகப்போரில் செருமானியர் எனிக்மா என்னும் பொறியால் தம் செய்திகளை மறைமொழியாக்கி அனுப்பினர். அதன் திறவுகோல் நாள்தோறும் மாறும். போலந்து நாட்டு அறிஞர் காட்டிய வழியில், ஆலன் டூரிங் முதலிய ஆங்கிலக் கணித வல்லுநர் இக்குடில்களில் இரவும் பகலும் உழைத்து அதனைக் கண்டறிந்தனர். அதனால் பகைவரின் நீர்மூழ்கிகளுக்கு இரையாகாமல் உணவுக்கப்பல்கள் பல தப்பின.

1945-இன் தொடக்கத்தில் அங்கும் அதன் கிளைகளிலும் பணியாற்றியோர் ஏறத்தாழ 9,000 பேர். அவருள் நால்வரில் மூவர் பெண்டிர். தம் பணியைப் பெற்றோரிடமும் அவர்கள் உரைத்திலர். 1974-ஆம் ஆண்டிலேதான் உலகம் அதனைப் பரவலாக அறிந்தது. தம் மக்களின் பெருமையை அறியாமலே மறைந்த பெற்றோர் பலர். அக்குடில்களைக் காண்போர், நாவடக்கமும் வீரமே என்பதை உணர்வர்.