விவசாய வருமானமும் வருமான வரியும்

விவசாயத்துக்கு வருமான வரி கிடையாது என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் விவசாயிக்கு வரி கிடையாது என்று சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேற்றுமை தெரியாததால், தேவையில்லாமல் பயப்படுவோரும் உண்டு; பயப்பட வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு நோட்டீஸ் வந்த பின் ஆடிட்டரைத் தேடி ஓடுவோரும் உண்டு.

நம் நாட்டில் 1860-ல் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த வருமான வரியில் நிலத்து வருமானமும் சேர்ந்தே இருந்தது. நிலவரி ஏற்கெனவே வசூலாகி வந்ததால், 1886-ம் ஆண்டுச் சட்டம் விவசாய வருமானத்தை விலக்கிவிட்டது. பின்னர் நமது அரசியல் சட்டம், விவசாய வருமானத்தின் மீது வரி போடும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இருந்த இந்த விலக்கு, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்ட 2025-ம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே உள்ளது.

எது விவசாய வருமானம்?

நிலத்தை உழுது, விதைத்து, நட்டுப் பயிர் செய்து கிடைப்பதே விவசாய வருமானம். 1957-ல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது. தானாக முளைத்து வளர்ந்த காட்டு மரங்களை வெட்டி விற்பது இதில் சேராது. கதிரடித்தல், தூற்றுதல், காயவைத்தல் போன்று, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக விவசாயி வழக்கமாகச் செய்யும் வேலைகள் சேரும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பெறும் பணமும், நாற்றுப் பண்ணையில் கன்று விற்ற பணமும் சேரும்.

பால் சேராது. கோழி, மீன், தேன் ஆகியவையும் சேரா. மாட்டுக்குத் தீவனம் வயலிலிருந்து வருகிறது, சாணம் வயலுக்கே திரும்புகிறது என்று வாதாடலாம், சட்டம் கேட்காது. ஆகவே சங்கத்தில் பால் ஊற்றி வாங்கும் பணத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். டிராக்டரைப் பிறர் வயலுக்கு வாடகைக்கு ஓட்டியதும், வட்டிக்குப் பணம் கொடுத்ததும் அப்படியே. தோப்பில் காய்ப்பை நின்றபடியே விலைபேசி வாங்கிப் பறித்து விற்கும் வியாபாரியின் லாபமும் வியாபார லாபம்தான். தேயிலை பயிரிட்டுத் தாமே தூளாக்கி விற்பவர்களுக்கு 1962-ம் ஆண்டு விதிகளின்படி லாபத்தில் 40 சதவீதம் வரிக்கு உட்பட்டது. மீதி 60 சதவீதம் விவசாய வருமானம்.

சம்பளமும் சாகுபடியும் உள்ளவர்கள்

வெறும் சாகுபடி மட்டும் செய்பவருக்கு இந்தப் பகுதி தேவையில்லை. சம்பளம், ஓய்வூதியம், கடை என்று வேறு வருமானமும் உள்ளவர்கள் கவனமாகப் படிக்கவும்.

பேராசிரியர் கே. என். ராஜ் தலைமையிலான குழு 1972-ல் செய்த சிபாரிசை ஒட்டி, 1973-ம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு முறையைக் கொண்டுவந்தது. விவசாய வருமானத்துக்கு நேராக வரி போடாமல், மற்ற வருமானம் எந்த விகிதத்தில் வரி கட்ட வேண்டும் என்பதை முடிவு செய்ய மட்டும் அதைக் கூட்டிப் பார்ப்பார்கள். செலவு போக விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேலும், மற்ற வருமானம் அடிப்படை விலக்குத் தொகைக்கு மேலும் இருந்தால் இந்தக் கணக்கு வரும். இன்றைய விலைவாசியில் 5,000 ரூபாய் என்பது ஒரு வரம்பே அல்ல. இதை எப்போதோ உயர்த்தியிருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில் இருக்கும் ஒருவருக்குக் கழிவுகள் போகச் சம்பள வருமானம் 14 லட்சம். மஞ்சளிலும் வாழையிலும் செலவு போக 3 லட்சம். இரண்டையும் கூட்டினால் 17 லட்சம். அதற்கு வரி 1,40,000 ரூபாய். அடுத்து, விவசாய வருமானம் 3 லட்சத்தோடு அடிப்படை விலக்கான 4 லட்சத்தைக் கூட்டினால் 7 லட்சம். அதற்கு வரி 15,000 ரூபாய். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க 1,25,000. அதன் மேல் 4 சதவீத செஸ் 5,000 சேர்த்து, கட்ட வேண்டியது 1,30,000 ரூபாய். நிலமே இல்லாதிருந்தால் அவர் செஸ்ஸும் சேர்த்து 93,600 ரூபாய்தான் கட்டியிருப்பார்.

இதைக் கண்டு எல்லோரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஓய்வூதியம் 8 லட்சம், விவசாயம் 2 லட்சம் என்றிருப்பவருக்கு இதே முறையில் கணக்கிட்டால் 30,000 ரூபாய் வரும். ஆனால் விவசாயம் நீங்கலான வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடியில் அது முழுவதும் கழிந்துவிடும்.

விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள் 'சகஜ்' என்ற எளிய படிவத்தில் கணக்குத் தாக்கல் செய்யக்கூடாது. பலர் செய்யும் தவறு இது. 5 லட்சத்துக்கு மேல் போனால், நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்ற விவரங்களையும் படிவத்தில் கேட்கிறார்கள்.

செலவைக் கழிக்க வேண்டுமானால் சீட்டு வேண்டும். உழவுக் கூலி, விதை, உரம், மருந்து, அறுப்புக் கூலி, மண்டிக் கமிஷன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதுங்கள். சிட்டா, அடங்கல் நகலும் மண்டிப் பட்டியலும் அதோடு இருக்கட்டும். உங்கள் சொந்த உழைப்புக்குக் கூலி எழுத முடியாது. சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டால் வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். அது விளைச்சல் பணம்தான் என்று காட்ட அடங்கலும் பட்டியலுமே சாட்சி. ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

நிலத்தை விற்கும்போது

பெருந்தொகை கைமாறுவது இங்கேதான். கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் 10,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகராட்சி போன்ற நகர அமைப்பின் எல்லைக்குள் நிலம் இருந்தால் வரி உண்டு. எல்லைக்கு வெளியே இருந்தாலும், ஊரின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் நிலத்துக்கும் வரி உண்டு. தூரத்தைச் சாலை வழியாக அளப்பதில்லை, நேர்கோட்டில் அளக்கிறார்கள்.

அப்படி வரிக்குள் வரும் நிலத்திலும், விற்பதற்கு முந்திய 2 ஆண்டுகள் நீங்களோ உங்கள் பெற்றோரோ பயிர் செய்திருந்தால், லாபத்தைக் கொண்டு 2 ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கி வரியைத் தவிர்க்கலாம். புது நிலத்தை 3 ஆண்டுக்குள் விற்றால் இந்தச் சலுகை போய்விடும். கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கெடுவுக்குள் நிலம் அமையாவிட்டால், பணத்தை வங்கியில் இதற்கென்றே உள்ள மூலதன லாபக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். சாதாரண டெபாசிட்டில் போட்டால் செல்லாது. தூரம் பற்றிய சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் கேட்டு, கிரயப் பத்திரம் எழுதும் முன்பே வாங்கிக்கொள்ளவும்.