மலையாற்று மடுவில் பெருங்கெளுத்தி: தூண்டிலும் சுற்றுருளையும்

இமயமலையின் தென்சரிவில் இறங்கும் ஆறுகள், பாறை இடுக்குகளில் நுரைத்துப் பாய்ந்து வந்து, திருப்பங்களில் ஆழ்ந்த மடுக்களாகத் தேங்கி நிற்கின்றன. அம்மடுக்களின் அடியில், நீரோட்டம் சற்றுத் தணியும் பாறை மறைவுகளில், கூஞ்ச் என்று மலைமக்கள் அழைக்கும் பெருங்கெளுத்தி வாழ்கிறது. இந்தியாவின் நன்னீர் மீன்களுள் மிகப் பெரியவற்றில் இதுவும் ஒன்று. ஆறடி நீளத்தை எட்டிய மீன்கள் பிடிபட்டுள்ளன.

தமிழ்நாட்டின் ஆறுகளிலும் ஏரிகளிலும் கிடைக்கும் வாளையை அறிந்த வாசகர்கள், கூஞ்சையும் அதன் உறவென்று எண்ணக்கூடும். இரண்டும் செதிலற்ற, மீசையுள்ள மீன்களே. ஆயினும் குடும்பம் வேறு. வாளையின் உடல் பக்கவாட்டில் தட்டையானது. கூஞ்சின் தலையும் வயிறுமோ, பாறையின்மேல் வைத்து அழுத்தியதுபோல் மேலிருந்து கீழாகத் தட்டையாக இருக்கும். வாய் தலையின் அடிப்புறத்தில் பிறை வடிவில் அகன்றிருக்கும். கண்கள் மிகச் சிறியவை; இரையைத் தேடுவதற்கு நான்கு இணை மீசைகள் துணைசெய்கின்றன. பகேரியஸ் என்பது இதன் விஞ்ஞானப் பேரினப் பெயர். ஹாமில்டன் 1822-இல் கங்கைப் பகுதி மீன்களைப் பற்றி எழுதிய நூலில் இவ்வினத்தை விவரித்தார். சைக்ஸ் 1839-இல் தக்காணத்து மீன் ஒன்றை விவரித்தார். எனவே இது இமயத்துக்கு மட்டும் உரியதன்று. கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளிலும் இப்பேரினம் உண்டு.

இம்மீனின் உடலமைப்பில் ஒன்று சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான மீன்கள் காற்றுப்பையின் உதவியால் நீரில் மிதக்கின்றன. கூஞ்சின் குடும்பத்தில் அப்பை மிகச் சிறுத்து, எலும்புக் கூட்டினுள் ஒடுங்கியிருக்கிறது. ஆகவே அது மிதக்க முயல்வதில்லை. அடியில் படிந்து கிடக்கிறது. வெள்ளத்தின் வேகத்திலும் பாறையைப் பற்றிக் கிடப்பதற்கு இதுவே வசதி. இம்மீனைப் பிடிக்கும் முறை முழுவதும் இவ்வொரு செய்தியைச் சார்ந்தே அமைகிறது.

வலை இங்கு அதிகம் பயன்படுவதில்லை. மடுவின் அடியில் உருண்டைப் பாறைகள் குவிந்திருப்பதால் வலை கிழிகிறது, அல்லது சிக்கிக்கொள்கிறது. இக்காரணத்தால்தான் சிலர் வெடியையும் நஞ்சையும் நாடுகின்றனர். சாலைப் பணிக்கென வந்த வெடிமருந்து ஆற்றுக்குத் திருப்பப்படுவதும் உண்டு. வெடியின் அதிர்ச்சியால் இறந்த மீன்களில் பல மேலே வருவதில்லை. அடியில் கிடந்து அழுகுகின்றன. இவ்வகையில் ஒரு மடுவின் பெருமீன்கள் அனைத்தும் ஒரே நாளில் அழிந்துவிடலாம். எடுத்தவன் கைக்கு வருவதோ ஒரு கூடை. 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடை செய்தது. கோலும் சுற்றுருளையும் கொண்டு பிடித்தால், மீனை அளந்து, எடைபார்த்து, உயிருடன் திரும்ப விட முடியும். களப்பணியாளர்கள் இம்முறையை அறிந்திருக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

கோல் குட்டையாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். நீண்ட கோலே வலிமையுடையது என்று புதியவர்கள் கருதுவது தவறு. கோல் ஒரு நெம்புகோல். ஆனால் அது மனிதனுக்கு எதிராக வேலை செய்யும் நெம்புகோல். கோலின் அடி இடுப்புப் பட்டையில் ஊன்றியிருக்கிறது. கை அதிலிருந்து 50 சென்டிமீட்டரில் பிடிக்கிறது. நுனி 200 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். நரம்பு கோலுக்குச் செங்குத்தாக நின்று 10 கிலோ விசையுடன் இழுத்தால், கை 40 கிலோ விசையைத் தாங்க வேண்டும். கோல் வளையும்போது நுனியின் தூரம் குறைவதால் இச்சுமையும் குறைகிறது. வளைவு கோலின் பலவீனமன்று. வகுப்பில் ஒரு மீட்டர் அளவுகோலையும் சுருள்வில் தராசையும் கொண்டு ஆசிரியர்கள் இதை எளிதில் காட்டலாம்.

ரீல் எனப்படும் சுற்றுருளையின் உயிர்நாடி அதன் தடை அமைப்பு. உருளையின் பக்கத்தில் உராய்வுத் தட்டுகள் அழுத்தி நிற்கின்றன. மீனின் இழுவை குறித்த அளவைத் தாண்டினால் உருளை வழுக்கிச் சுழன்று நரம்பை விட்டுக்கொடுக்கிறது, நரம்பு அறுபடுவதில்லை. தடையை நரம்பின் அறுபடு வலிமையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். 40 கிலோ தாங்கும் நரம்பானால் சுமார் 10 கிலோ. இதைக் கையால் ஊகிக்கக்கூடாது. நரம்பின் நுனியைத் தராசில் கட்டி இழுத்துப் பார்த்தே வைக்க வேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. தட்டுகள் தரும் திருப்புவிசை மாறுவதில்லை. ஆனால் நரம்பு ஓட ஓட உருளையின் மேல் உள்ள சுற்றின் ஆரம் குறைகிறது. ஆரம் பாதியானால், அதே தடை அமைப்பை வழுக்கச் செய்ய இரு மடங்கு இழுவை தேவைப்படும். தொடக்கத்தில் 10 கிலோ இருந்த தடை இப்போது 20 கிலோ. இதனுடன், நீரில் வெகுதூரம் நீண்டு கிடக்கும் நரம்பின்மேல் ஓட்டம் மோதுவதாலும் சுமை கூடுகிறது. ஆகவே மீன் ஓடும்போது தடையை இறுக்குவது முற்றிலும் தவறு, தளர்த்தவே வேண்டும். நல்ல மீன்கள் பல இவ்வொரு பிழையால், வாயில் முள்ளுடனும் பின்னால் நூறு முழ நரம்புடனும் தப்பிவிடுகின்றன. அந்த நரம்பு பாறையில் சுற்றிக்கொண்டால் அம்மீனின் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னல் நரம்பு மெல்லியதாயினும் வலிமை மிக்கது. ஆனால் பாறை விளிம்பில் உரசினால் உடனே அறும். எனவே முள்ளை ஒட்டிய சில மீட்டர் தூரத்துக்குத் தடித்த தங்கூசியைக் கட்டுகின்றனர். கூஞ்சின் கூரிய பற்களுக்கும் அதுவே பாதுகாப்பு. முள் வட்ட முள்ளாக இருப்பது நன்று. மீன் இரையுடன் திரும்பும்போது இம்முள் தானே சுழன்று வாயின் ஓரத்தில் தைக்கிறது. தொண்டைக்குள் இறங்குவது அரிது. சாதாரண முள்ளுக்குச் செய்வதுபோல் கோலை வெடுக்கென்று இழுத்தால் வட்ட முள் கழன்றுவிடும். நிதானமாகச் சுற்றினால் போதும். நுனிக்குக் கீழுள்ள எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. இரையாக அவ்வாற்று மீனையே வைக்க வேண்டும். வேறு நீர்நிலையிலிருந்து மீன் கொண்டுவருவது நோயைக் கொண்டுவருவதாகும்.

உத்தராகண்டத்தின் சம்பாவத் மாவட்டத்தில், காளியாறும் சரயூவும் கூடும் பஞ்சேஷ்வர் தூண்டில்காரர்களிடையே பெயர் பெற்ற இடம். அங்கு மழைக்காலத்துக்கு முன்னும், வெள்ளம் வடிந்து நீர் தெளிந்த பின்னும் தூண்டில் போடுகின்றனர். பாய்ச்சல் முடிந்து மடு தொடங்கும் இடத்தில், அடியில் தங்குமளவு ஈயக்குண்டு கட்டி இரையை இறக்குகின்றனர். மீன் பற்றியதும் பெரும்பாலும் ஓடுவதில்லை, அடியில் ஒட்டிக்கொள்கிறது. அகன்ற மார்புத்துடுப்புகள் விரிந்திருக்க, ஓட்டமே அதைப் பாறைமேல் அழுத்துகிறது. முள் கல்லில் மாட்டியதென்று நினைத்து நரம்பை அறுத்துவிட்டவர்கள் உண்டு. நேராக இழுப்பதால் பயனில்லை. கரையோரம் கீழ்நோக்கி நடந்து, இழுக்கும் கோணத்தை மாற்றினால், நீர் அதன் வயிற்றின் அடியில் புகுந்து மீனைக் கிளப்பும். ஆனால் கரையில் நடக்கும்போது கவனம் தேவை. கற்கள் வழுக்கும், நீர் மிகக் குளிர்ந்தது. காளியின் கிளையான தௌலிகங்கையில் 2005 முதல் நீர்மின் நிலையம் இயங்கிவருகிறது. இத்தகைய நிலையங்கள் நீரைத் திறந்துவிடும்போது கீழே ஆற்றின் மட்டம் திடீரென உயரும். நீரினுள் இறங்கிப் போராடும் வீரம் இங்கு வேண்டாம்.

கரைக்கு வந்த மீனை நீரிலிருந்து தூக்கக்கூடாது. பெருமீனின் உள்ளுறுப்புகள் நீரின் தாங்கலுக்குப் பழகியவை. செவுளைப் பற்றித் தொங்கவிட்டால் உள்ளே சிதைவு ஏற்படும். கைகளை நனைத்துக்கொண்டு, ஆழமற்ற நீரிலேயே முள்ளைக் கழற்றி, நனைந்த துணித் தொட்டிலில் ஏந்தி ஒரே முறை எடைபார்க்க வேண்டும். தொட்டிலின் எடையைக் கழிக்க மறப்பவர்கள் பலர். பின்னர் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, மீன் தானே வால் வீசிக் கையை விட்டு விலகும்வரை பிடித்திருத்தல் வேண்டும். இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அவசரப்பட்டுத் தள்ளிவிட்ட மீன் புரண்டு ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படும்.

தராசு இல்லாதபோது நீளத்தை மட்டுமேனும் குறித்தல் நலம். உடல் வடிவம் மாறாதிருந்தால், எடை நீளத்தின் மும்மடிக்கு ஏற்பப் பெருகும். தூண்டில்காரர் ஜெரமி வேட் காளியாற்றில் பிடித்து, 2009-இல் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட கூஞ்ச் சுமார் ஆறடி நீளமும் 73 கிலோ எடையும் இருந்தது. அதில் பாதி நீளமுள்ள மீன் அதன் எட்டில் ஒரு பங்காக ஒன்பது கிலோவே இருக்கும். ஒரு பெருமீனை இழந்த மடுவில் சில சிறு மீன்கள் இருப்பதால் ஈடாகிவிட்டது என்று கொள்ள முடியாதது இதனாலேயே.

காளியாற்றில் 1998 முதல் 2007 வரை நீராடியவர்கள் சிலர் மறைந்ததற்குக் கூஞ்சே காரணம் என்ற செய்தி பரவியது. கரையில் எரிக்கப்படும் உடல்களின் மிச்சத்தைத் தின்று பழகியதால் அது மனிதனை நாடியது என்றும் கூறப்பட்டது. இது நிரூபிக்கப்பட்டதன்று. அவ்வாற்றின் சுழல்களும் குளிருமே வலிய நீச்சல்காரனையும் இழுத்துச் செல்லப் போதியவை. மாணவர் இக்கதையைக் கேட்டால் அதைச் சான்றுடன் ஆராய்வதற்கு ஒரு வாய்ப்பாக ஆசிரியர் கொள்ளலாம். மீனின்மேல் பழிபோட்டுக் கொல்வதற்கு அது காரணமாகிவிடக்கூடாது. உணவாகவும் இம்மீன் சிறந்ததன்று. இறைச்சி விரைவில் கெட்டு, உண்டவர்க்கு நோய் தருவதாகக் குறிக்கப்பட்டுள்ளது.

களப்பணியாளர் மடுவுக்கு ஒரு பக்கமாகக் குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். தேதி, நேரம், நீரின் வெப்பநிலை, தெளிவு, இரை, நீளம், எடை, முள் தைத்த இடம், மீன் தானே நீந்திச் சென்றதா என்பவற்றைக் குறிக்க வேண்டும். உடலிலுள்ள கரும்பட்டைகளைப் பக்கவாட்டில் புகைப்படம் எடுத்து ஒட்டிவைத்தால், அடுத்த ஆண்டு பிடிபடுவது அதே மீன்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மீன் கிடைக்காத நாட்களையும் தவறாமல் எழுத வேண்டும்.