மூச்சும் புகையும்

சைவ மக்களாகிய எமக்கு மூச்சைப் பற்றிய பாடம் புதிதன்று. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலே பிராணாயாமத்தை விளக்குமிடத்து, மூச்சை உள்ளே இழுக்கும் பூரகத்துக்கு 16 மாத்திரை, அடக்கும் கும்பகத்துக்கு 64, வெளியே விடும் இரேசகத்துக்கு 32 என அளவு சொல்கிறார். இருதய நோய் உள்ளவர்கள் இதை வாசித்துவிட்டு 64 மாத்திரை அடக்கிப் பார்க்க வேண்டாம். வைத்தியரையும் குருவையும் கேட்காமல் தொடங்கும் காரியம் அதுவன்று. ஆனால் உள்ளே இழுக்கும் நேரத்தைப்போல் இரு மடங்கு நேரம் வெளியே விடுவதற்கு வேண்டும் என்ற அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

ஓய்வாக இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 16 தடவை வரை மூச்சு விடுகிறோம். ஒரு நாளில் ஏறக்குறைய 20,000 தடவை. ஒவ்வொரு தடவையும் உள்ளே போவது அரை லீற்றர் காற்று மட்டுமே. வளர்ந்த ஒருவரின் நுரையீரலோ ஏறத்தாழ 6 லீற்றர் கொள்ளும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள பிரிமென்றகடு என்ற தசை கீழிறங்க நெஞ்சறை விரிகிறது, காற்று புகுகிறது. வெளியே விடுவதற்கு இத்தனை உழைப்பு இல்லை. நுரையீரல் இரப்பரைப் போல மீள்தன்மை உடையது. இழுத்ததை விட்டால் தானே சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடும்.

காற்றுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, அவை மீண்டும் இரண்டிரண்டாகப் பிரிந்து, இப்படி 23 முறை கிளைவிட்டு முடியும் இடத்திலே சிற்றறைகள் இருக்கின்றன. இவை 30 கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் 70 சதுர மீற்றர் அளவில் வரும். சிட்னியில் இரண்டு படுக்கையறை உள்ள ஒரு தொடர்மாடி வீட்டின் தரை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பரப்பின் மெல்லிய சுவரூடாகவே ஒட்சிசன் இரத்தத்துக்குள் போகிறது, காபனீரொட்சைட்டு வெளியே வருகிறது. உள்ளே போகும் காற்றில் 21 வீதம் ஒட்சிசன். வெளியே வரும்போது 16 வீதம்.

இனிப் புகைக்கு வருவோம். சிகரெட் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அவற்றில் 60க்கு மேற்பட்டவை புற்றுநோயை உண்டாக்குவன. நிக்கொற்றின் சில விநாடிகளிலேயே மூளைக்குப் போய்விடும். பழக்கம் விடாததற்குக் காரணம் அதுதான், மனவுறுதி இல்லாமை மட்டுமன்று. காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே புகைபிடிப்பவரின் இரத்தத்தில் ஒரு பகுதி வேலை செய்யாமலே உடம்பைச் சுற்றி வருகிறது.

காற்றுக்குழாய்களின் உட்புறத்தில் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பது இவற்றின் தொழில். புகை பட்டால் இவை செயலிழக்கும், சளியோ அதிகமாகச் சுரக்கும். கூட்டித் தள்ள ஆளில்லாத வீட்டில் குப்பை சேர்வது போல அது தேங்கும். காலையில் எழுந்ததும் வரும் இருமல் இதனால்தான். எம்மவரில் பலர் இதை மெல்பேண் குளிர் என்று சொல்லிச் சமாளிப்பதுண்டு. கோடை காலத்திலும் இருமுகிறாரே என்று வீட்டிலுள்ளவர்கள்தான் கேட்க வேண்டும்.

இருமலைவிடப் பெரிய சேதம் சிற்றறைகளில் நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் புகை பட்டுப்பட்டு அவற்றின் சுவர்கள் அரிந்து, பல சிறிய அறைகள் சேர்ந்து சில பெரிய வெற்றறைகளாகி விடுகின்றன. பரப்புக் குறைகிறது. அத்தோடு மீள்தன்மையும் போய்விடுகிறது. பழைய இரப்பர் வளையம் தளர்ந்தது போல, இழுத்த காற்று திரும்பி வெளியே வர மாட்டாது. நோயாளிக்கு மூச்சை இழுப்பதைவிட விடுவதே பெரும் பாடு. திருமூலர் இரு மடங்கு நேரம் ஒதுக்கிய அந்த இரேசகம்தான் இவருக்குக் கைவிட்டுப் போகிறது. வைத்தியரும் இதையே அளக்கிறார். ஒரு குழாயிலே பலமாக ஊதச் சொல்லி, முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்று பார்ப்பார். மொத்தத்தில் 70 வீதத்துக்குக் கீழே போனால் காற்றுப்பாதையில் தடை உண்டென்று பொருள்.

இந்த நோய் ஏன் பிந்தித் தெரிகிறது? நாம் சும்மா இருக்கும்போது 6 லீற்றரில் அரை லீற்றரையே பாவிக்கிறோம் என்று மேலே கண்டோம். மிச்சமிருப்பது சேமிப்பு. சேமிப்புக் கரையும் வரை யாருக்கும் தெரியாது. தேர்த் திருவிழாவில் வடம் பிடித்து நாலடி நடந்ததும் நிற்க வேண்டி வரும்போதுதான் தெரியவரும். போனது திரும்பாது. ஆனால் விட்டவருடைய நுரையீரல், அதன்பின் புகைக்காதவருடையதைப் போல மெதுவாகவே தேயும்.

எங்கள் ஊரையும் புகையிலையையும் பிரித்துப் பேச முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. தென்னிலங்கை எங்கும் எம்மவரின் சுருட்டுக் கடைகள் இருந்தன. அந்தக் காசிலே கல்வீடுகள் எழும்பின, பிள்ளைகள் படித்தார்கள், கோயில் திருப்பணிகளும் நடந்தன. தோட்டத்திலே பாடுபட்ட அந்த மனிதரை நாம் குறை கூறவில்லை. சுருட்டு இயற்கையானது, சிகரெட்தான் கெடுதல் என்ற பேச்சு மட்டும் சரியன்று. வெற்றிலையோடு புகையிலை போடுபவருக்கு நுரையீரல் தப்பினாலும் வாய் தப்பாது.

கிரிக்கெட்டையும் இந்தப் பொருள் விடவில்லை. 1992ல் இந்நாட்டிலும் நியூசிலாந்திலும் நடந்த உலகக் கிண்ணம் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் என்ற சிகரெட்டின் பெயரைத் தாங்கியது. 1996ல் இலங்கை வென்ற கிண்ணத்தின் பெயர் வில்ஸ், அதுவும் சிகரெட்தான். துள்ளிக் குதித்த எவரும் அன்று அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. விக்ரோறியா மாநிலம் 1987லேயே சட்டம் இயற்றி, புகையிலை மீது அறவிட்ட பணத்தைக் கொண்டே விளையாட்டுக் கழகங்களைச் சிகரெட் விளம்பரத்திலிருந்து மீட்டது. 2012 டிசம்பர் 1 முதல் அவுஸ்திரேலியா, உலகில் முதல் நாடாக, எல்லாப் பெட்டிகளையும் ஒரே மங்கிய நிறத்துக்கு மாற்றியது. 14 வயதுக்கு மேற்பட்டோரில் நாள்தோறும் புகைப்பவர் 1991ல் 24 வீதம், 2022-23ல் 8.3 வீதம்.

பிள்ளைகள் இருக்கும் காரில் புகைப்பது நியூ சவுத் வேல்ஸில் 2009 முதலும் விக்ரோறியாவில் 2010 முதலும் குற்றம். வேப் என்ற மின்சிகரெட்டை 2024 ஜூலை முதல் மருந்தகத்தில் மட்டுமே விற்கலாம். பழவாசனை வீசுகிறதே என்று பெற்றோர் ஏமாறக்கூடாது. அதிலும் பெரும்பாலும் நிக்கொற்றின் உண்டு. கற்பூரம், சாம்பிராணி, ஓமப் புகை பற்றியும் சிலர் கேட்பர். புகை புகைதான். ஆஸ்துமா உள்ளவர்கள் ஓமகுண்டத்துக்கு அருகில் இராமல் கதவோரம் நின்று கும்பிட்டால் அருள் குறையாது.

ஒரு கணக்கோடு நிறுத்துகிறோம். 20 சிகரெட் கொண்ட பெட்டி ஒன்றை நாள்தோறும் ஓராண்டு புகைத்தால் அது ஒரு பெட்டி-ஆண்டு. நாளுக்கு 30 வீதம் 20 ஆண்டு புகைத்தவருக்கு 30 பெட்டி-ஆண்டு. 2025 ஜூலை 1 முதல் இந்நாட்டில் நுரையீரல் புற்றுநோய்க்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் நடைபெறுகிறது. 50 முதல் 70 வயதுக்குள், நோய்க்குறி எதுவும் இல்லாமல், குறைந்தது 30 பெட்டி-ஆண்டு புகைத்து, இன்றும் புகைப்பவர்கள் அல்லது கடந்த 10 ஆண்டுகளுக்குள் விட்டவர்கள் இதற்குத் தகுதியுடையோர். குறைந்த கதிரளவு கொண்ட சி.ரி. படம் எடுப்பார்கள், மெடிகெயர் உள்ளவருக்குக் கட்டணமில்லை. குடும்ப வைத்தியரிடம் கடிதம் பெற வேண்டும். சுருட்டு, பீடி குடித்தவர்கள் அந்தக் கணக்கையும் அவரிடமே சொல்லுங்கள். இரத்தத்தோடு சளி, மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், காரணமில்லாத மெலிவு உள்ளவர்கள் திட்டத்துக்காகக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

விட விரும்புவோர் குவிற்லைனை 13 7848 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோருக்காக மொழிபெயர்ப்பாளர் சேவையின் 131 450 உண்டு. "தமிழ்" என்று சொன்னால் போதும்.