காப்புச் சர்வரை எங்கே வைப்பது?

கூட்டுறவுச் சங்கம் நம்பிக்கையின்மேல் நிற்கிறது. நம்பிக்கை கணக்கின்மேல் நிற்கிறது. நெசவாளரின் கூலிப் பாக்கியும், உழவரின் பயிர்க்கடன் நிலுவையும், அங்கத்தினரின் பங்குத் தொகையும் முன்னர்ப் பேரேடுகளில் இருந்தன. இன்று கணினியில் ஏறி வருகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஆகவே, கணக்கின் மறுபிரதியைத் தாங்கும் காப்புச் சர்வரை எங்கே அமைப்பது என்பதைப் பஞ்சாயத்தார் ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும்.

நாம் பார்வையிடும் அலுவலகங்கள் பலவற்றில் அது மூலச் சர்வரின் பக்கத்திலேயே இருக்கிறது. டிஸ்க் பழுதானால் இவ்வமைப்பு உதவும். வேறு ஆபத்துக்கு உதவாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் கண்ட இரு நிகழ்ச்சிகள் இதனை விளக்கும்.

முதலாவது, வெள்ளம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பெய்தது. இவ்வட்டாரத்து மோட்டார் ஆலைகளிலும் உற்பத்தி நின்றது. தரைத்தள அறையில் அருகருகே இருக்கும் இரு சர்வர்களும் இத்தகைய மழையில் ஒன்றாகவே நனையும்.

இரண்டாவது, கணினிப் புழு. 2017 மே மாதத்தில் ‘வானாக்ரை’ என்னும் புழு 150 நாடுகளுக்கு மேல் பரவியது. ஒரகடத்து ரெனோ-நிசான் ஆலையும் அதனால் பாதிக்கப்பட்டது. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வழியிலிருந்த குறையைப் பற்றிக்கொண்டு, அது நெட்வொர்க் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே சென்றது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கே மாடி அறையும் பாதுகாப்பன்று. கம்பி எட்டுமிடமெல்லாம் புழுவும் எட்டும்.

எனவே, பிரிவு இருவகைப்படும்: இடத்தால் பிரித்தல், இணைப்பால் பிரித்தல். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. விதைநெல்லை உணவு நெல்லோடு ஒரே குதிரில் கொட்டி வைக்கும் உழவர் உண்டோ?

சிறு சங்கத்துக்கு ஏற்ற ஏற்பாடு பின்வருமாறு:

1. காப்புச் சர்வரை மேல்தளத்தில், பூட்டுள்ள வேறு அறையில், தனி யு.பி.எஸ். இணைப்புடன் வைத்தல்.

2. நெட்வொர்க்கில் அதற்குத் தனிப் பகுதியும் தனிப் பாஸ்வேர்டும் அளித்தல். மூலச் சர்வர் அதனுள் எழுதலாகாது. காப்புச் சர்வரே குறித்த நேரத்தில் சென்று பிரதியை எடுத்துவரவேண்டும். அலுவலகக் கணினிகளுக்கு அதன் கோப்புறைகளைத் திறந்துவிடுதல் கூடாது.

3. வாரந்தோறும் ஒரு பிரதியை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, உடனே கழற்றிப் பூட்டி வைத்தல். கழற்றிய டிஸ்க்கைப் புழு தொடாது.

4. மறைகுறியாக்கிய ஒரு பிரதியை வேற்றூரில் வைத்தல். ஒரே மழையில் முழுகாத, மேட்டுப் பாங்கான ஊராக அது இருத்தல் நன்று.

மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்று அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய விதியும் இதனையே வலியுறுத்துகிறது.

செலவு மிகுமே எனக் காரியதரிசிகள் தயங்கலாம். கணக்கு அழிந்தால், வாங்கிய கடனை அடைத்துவிட்ட ஏழை அங்கத்தினர் அதனை எவ்வாறு மெய்ப்பிப்பார்? அந்நிலையோடு ஒப்பிட்டால் இச்செலவு சிறிதே.

கலந்தாய்வுக்குரிய வினாக்கள்:

1. நமது அலுவலகத்தில் வெள்ளம் புகுந்தால் எந்தப் பிரதி எஞ்சும்?

2. புழு புகுந்தால் எந்தப் பிரதி எஞ்சும்?

3. காப்புப் பிரதியிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்து எத்தனை மாதங்கள் ஆயின?